நான் சாவியைத் தொடவில்லை

யோங் பெங்கில் போய் இறங்கிய அன்று சாயங்காலமே நான் ஒரு பிரசங்கம் செய்தேன். வெள்ளத்தில் மாட்டிய காரை என்ன செய்யக் கூடாது என்பது பொருள். எதிரே இருந்தவர்கள் இரண்டு பேர்: என் அத்தை மகன் குமரேசன், அவன் மனைவி பரிமளா. அவர்கள் ஒன்றும் என்னைப் பேசச் சொல்லவில்லை. வெளியே மழை கொட்டியது, சாப்பாடு முடிந்திருந்தது, நானாகவே ஆரம்பித்துவிட்டேன்.

தூத்துக்குடியில் நான் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டி, எரிந்த வண்டி, முங்கிய வண்டி எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. எங்கள் ஊரில் வெள்ளம் வந்த வருஷம் தெருத்தெருவாகப் போய்க் கார்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

"தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னா நிக்கட்டும் மச்சான். அதோட விட்டா பொழச்சுக்கிடும். திரும்பச் சாவியத் திருப்புதாம் பாருங்க, அங்கதான் கொல்லுதான். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா? பிஸ்டன் முட்டி நிக்கும், அதத் தாங்குத ராடு வளைஞ்சிரும்."

கார்க்காரர்கள் சாவியைத் தொடவே இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்வதையும், நான் அவர்களை மடக்குவதையும் நடித்தே காட்டினேன். பரிமளா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அண்ணே பெரிய எக்ஸ்பர்ட் லா," என்றாள். நான் இன்னொரு டம்ளர் ரசம் வாங்கிக் குடித்தேன்.

சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், பாலத்தைத் தாண்டி மலாய் நாட்டில் ஒரு வாரம் இவர்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தேன். அத்தை இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், இப்போது இல்லை. குமரேசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவான். வீடு பரிமளாவின் கையில்.

அவளுடைய நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். தேங்காய்ப்பாலும் வாசனைக்குப் பாண்டான் இலையும் போட்டு வெந்த சோறு, நெத்திலிச் சம்பல், வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. வாழையிலையில் கூம்பாக மடித்து, மேலே தாள் சுற்றினால் நாசி லெமாக். நூற்றிருபது பொட்டலம். காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் நுழைவதற்குள் மூன்று தொழிற்சாலை வாசல்களில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். கொண்டுபோவது ஒரு வெள்ளைக் கார், பதினாலு வயசு. இங்கே தமிழர்கள் காரைக் காடி என்கிறார்கள்.

"காடி இல்லன்னா எனக்கு கையி காலு இல்லண்ணே," என்று அவள் சொன்னது எனக்கு அப்போது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றினோம். யோங் பெங் ஒரு சந்திப்பு ஊர். நெடுஞ்சாலையில் போகிற பேருந்தெல்லாம் இங்கே ஒதுங்கி, சனங்களை இறக்கி, சாப்பிடவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் போவதில்லை. இங்கே நடுவில் வெங்காயமும் கறியும் வைத்துச் சுட்ட சீன ரொட்டி வாங்காமல் போவதில்லை. ஊரைத் தாண்டினால் நாலு பக்கமும் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. மழை, வெயில், மறுபடி மழை. எங்கள் ஊர் மழை அழைத்தாலும் வராது. இங்கத்திய மழை எதிர்வீட்டுக்காரர் மாதிரி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை பரிமளா பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் கார் கேட்டேன். பெக்கோக் பக்கம் ஒரு அருவி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேறு எடுத்து வந்திருந்தேன். அதை ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டாமா?

அவள் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சாவியைக் கொடுத்தாள். "இது மழ சீசன் அண்ணே. ரோட்டுல தண்ணி நின்னா தாண்டாதீங்க. எங்கயாச்சும் கடையில நின்னு எனக்கு ஃபோன் போடுங்க."

"எங்கிட்டயா சொல்லுத?" என்றேன். சிரித்தாள்.

அருவிக்குப் போகும் பாதையை அடைத்திருந்தார்கள். மேலே மழை, ஆற்றில் வரத்து அதிகம், திரும்பிப் போங்கள் என்று காவலாளி சைகையில் சொன்னார். ஒரு படம்கூட எடுக்க முடியாத எரிச்சலோடு திரும்பினேன். வரும்போது காய்ந்து கிடந்த ஒரு பள்ளத்தில் இப்போது பால் விட்ட தேநீர் நிறத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி தடையில்லாமல் போனது. மோட்டார் சைக்கிளில் ஓரமாக நின்ற ஒரு மலாய்க்காரர் என்னைப் பார்த்துக் கையை அகலமாக ஆட்டினார். வேண்டாம் என்பதற்கு மொழி தேவையில்லை. லாரியின் சக்கரம் என்ன உயரம், இந்தக் காரின் இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் என்ன உயரம் என்பது என் தொழிலில் முதல் பாடம். நான் லாரிக்குப் பின்னால் போனேன்.

பாதித் தூரத்தில் கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

நான் சொல்லப்போவதை இதுவரை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. கார் நின்றதும் எனக்கு எல்லாம் தெரிந்தது. என்ன நடந்தது, என்ன செய்யக் கூடாது, ஏன் செய்யக் கூடாது, எல்லாமே. அறிக்கையில் எழுதும் வாசகம்கூட மனதில் ஓடியது. ஆனால் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் பாதத்தை நனைத்தது. பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. கையாட்டிய அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை, பட்டென்று பிடித்துக்கொண்டால் போய்விடலாம் என்று சாவியைத் திருப்பினேன். இன்ஜின் முனகியது. இன்னொரு தடவை. அதற்கும் மேலே ஒன்று. நாலாவது தடவை உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சாவிக்குப் பதிலே இல்லை.

அந்த மோட்டார் சைக்கிள்காரரும் இன்னும் இரண்டு பேரும் தொடை நனைய இறங்கித் தள்ளினார்கள். மேட்டில் இருந்த ஒரு மளிகைக் கடை முற்றத்தில் காரை நிறுத்தினோம். கடைக்கார மலாய் அம்மா உலர்ந்த துண்டும் ஒரு கைலியும் கொடுத்தார், சூடாகக் கறுப்புக் காப்பியும். மறுத்ததற்குக் கோபித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் வைத்தார். அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு நின்றுதான் பரிமளாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அலமாக்! நீங்க நல்லாருக்கீங்களா? அடி கிடி படலயே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி டயரு அளவுக்குத்தாம்மா. வண்டி தானா நின்னுட்டு. நான் சாவியத் தொடவே இல்ல."

"போமன கூப்பிடவாண்ணே? இங்க ஆ லியோங்னு ஒருத்தரு இருக்காரு, ஒடனே வருவாரு."

போமன் என்றால் இங்கே கார் மெக்கானிக். போமன் வந்தால் திறப்பார். திறந்தால் தெரிந்துவிடும். இது என் மனதில் ஓட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இப்ப வேண்டாம். ஈரத்தோட திறந்தா கெட்டுப்போகும். ரெண்டு மூணு நாள் காயட்டும். தானா சரியாயிரும்."

"நீங்க சொன்னா சரிதான். உங்களுக்குத் தெரியாததா," என்றாள்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அன்றைக்கே பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி எண்ணெய் விட வேண்டும். ஒவ்வொரு நாளும் துரு ஏறும். எங்கள் ஊரில் தாமதித்தவர்களைப் பார்த்து 'அலட்சியம்' என்று எழுதிய அதே ஆள்தான் அவளிடம் இப்படிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பரிமளா பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கினாள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டினாள். அதில் நாற்பது பொட்டலத்துக்கு மேல் கொள்ளாது. அதனால் மூன்று நடை. வாடகைக் காருக்குச் சொல்லலாமே என்றேன். அந்த நேரத்தில் இந்த ஊரில் எதுவும் வராது என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க ஒக்காந்தா நாப்பது பொட்டலம் எங்க ஒக்காரும்?" என்று சிரித்துக்கொண்டே மழையங்கியை மாட்டிக்கொண்டு போனாள்.

எட்டரை மணிக்கு முடி நனைந்து ஒட்டித் திரும்பி வந்தவள் முதலில் கேட்டது, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள். எனக்கென்று தனியாகத் தோசை ஊற்றினாள். நாலு தோசை தின்றேன். அந்தத் தோசையின் ருசியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

புதன்கிழமை மூன்றாவது நடைக்கு நேரமாகிவிட்டது. ஆட்கள் உள்ளே போன பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். நாற்பது பொட்டலமும் திரும்பி வந்தன. அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். மிச்சத்தை நாங்கள் மத்தியானமும் சாப்பிட்டோம். "தூக்கிப்போட மனசு வரல லா," என்று எனக்கு இரண்டு பொட்டலம் வைத்தாள்.

வியாழக்கிழமை அவள் கீழே விழுந்தாள். வளைவில் மண் வழுக்கியிருக்கிறது. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. ரத்தத்தோடு மழைத்தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. "சும்மா செராய்ப்புண்ணே," என்றாள். நான் பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். மருந்து போடும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "இங்க நல்ல டாக்டரு இருக்காரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

அன்று மத்தியானம் என்னைக் கேட்காமலே அவள் ஆ லியோங்குக்கு ஃபோன் போட்டாள். சாயங்காலம், மளிகைக் கடை முற்றத்திலேயே நின்ற கார் இழுவை வண்டியில் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

ஆ லியோங்குக்கு அறுபது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, உள்பனியன், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது மூடியைத் திறந்து வைத்துவிட்டு, காரைத் தொடாமல் சுற்றி வந்துகொண்டிருந்தார். நானும் அப்படித்தான் சுற்றுவேன். காற்று வடிகட்டியை வெளியே எடுத்துப் பிழிந்தார். பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஆயில் அளவுக் கம்பியை உருவி எங்கள் பக்கம் காட்டினார். ஆயில், இங்கே தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீரின் நிறத்தில் நுரைத்திருந்தது. டயர் அளவுக்குத்தான் தண்ணீர் என்று நான் சொன்ன பேச்சு அந்த இரண்டிலேயே முடிந்தது. பரிமளா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது புரியாதது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் மலாயில் ஏதோ கேட்டார். பரிமளா தமிழில் சொன்னாள். "நின்னதுக்கு அப்புறம் யாராச்சும் ஸ்டார்ட் பண்ணாங்களான்னு கேக்குறாரு."

என் கேள்வி. நான் எத்தனையோ பேரைக் கேட்ட அதே கேள்வி.

"இல்ல," என்றேன்.

அவள் அதை மலாயில் சொன்னாள். ஆ லியோங் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பரிமளாவுக்குச் சந்தையில் தேங்காய் வாங்க வேண்டியிருந்தது; என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

நாலு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, பெரிய மருத்துவ ஊசியால் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். அது துருவின் நிறத்தில் வந்தது. பிறகு இன்ஜினின் முன்பக்கச் சக்கரத்து நட்டில் நீளமான இரும்புத் தண்டை மாட்டி, மெல்ல ஒரு அழுத்து. அசையவில்லை. வலுவாக அழுத்தவில்லை அவர், அழுத்தினால் உடையும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தண்டை மறுபடி அழுத்திப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. கழற்றிய ஸ்டார்ட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்து, அதைப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தப் பல்லு பாருங்க," என்றார். தமிழில்.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

"எங்கப்பா தோட்டத்துல கடை வெச்சிருந்தாரு. சின்னதுலேர்ந்து தமிழுதான் வெளயாட்டு," என்றார் சாதாரணமாக. பிறகு விரலால் தொட்டுக் காட்டினார். "சாவி போடாட்டி இந்தப் பல்லு உள்ளுக்கே இருக்கும். சாவி போட்டாதான் வெளிய வந்து பெரிய சக்கரத்தக் கடிக்கும். இது வெளிய வந்து கடிச்சபடியே நின்னுபோச்சு. நுனி தேஞ்சிருக்கு. ஒருவாட்டி இல்ல, மூணு நாலு வாட்டி."

நான் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே தேய்மானத்தைக் காட்டி எத்தனை பேரின் முகத்தைச் சிறுக்க வைத்திருக்கிறேன்.

"பல்ல எடுத்தும் இஞ்சின் சுத்தல. உள்ள பிஸ்டன் ரிங்கு துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு. அன்னிக்கே கூப்பிட்டிருந்தா ஒரு மத்தியான வேல. எதுக்கு நாலு நாளு?"

அவர் கையைத் துடைத்தார்.

"நா அந்தம்மாகிட்ட சொல்ல மாட்டேன். என் வேல இஞ்சினு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. டீசலும் கியர் ஆயிலும் கலந்து, நாலு துளையிலும் அளவாக ஊற்றி, துணியை அடைத்துவிட்டு, அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார். நான் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் மழை பிடித்தது. ஒதுங்கவில்லை.

பரிமளா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் உதவவில்லை.

"நான் சாவியத் திருப்பினேம்மா. நாலு தடவ. ஒங்கிட்ட பொய் சொன்னேன். தண்ணி டயர் அளவும் இல்ல, அதுக்கு மேல. போமன் வந்தா தெரிஞ்சிரும்னுதான் காயட்டும்னு சொன்னேன். அந்த நாலு நாள்லதான் இன்ஜின் இறுகிப்போச்சு."

அவள் கை நிற்கவில்லை. ஏழெட்டு மீன் கிள்ளியிருப்பாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"காடி போனா போவுது அண்ணே. இந்த ஊருல தண்ணி யாரு காடிலதான் பூரல? எங்க வீட்டுக்காரருகூட ஒருவாட்டி விட்டிருக்காரு." குரல் உயரவில்லை. "நாலு நாளு. நா நனைஞ்சு வந்து ஒங்களுக்குத் தோச ஊத்துனேன். நேத்து ரத்தத்தோட வந்தேன். மருந்து எடுத்துக் குடுத்தீங்க. அப்பக்கூட வாயத் தொறக்கலயே நீங்க."

"தப்புதாம்மா. மன்னிச்சிரு."

"அதெல்லாம் இப்பக் கேக்காதீங்க, எனக்கு வராது." மீண்டும் குனிந்துகொண்டாள். "போயி ஆ லியோங்குக்குக் கூடமாட நில்லுங்க. அவருக்கு ஆளு இல்ல. எங்க வீட்டுக்காரரு நாளைக்கு வருவாரு. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. நா சொல்ல மாட்டேன்."

திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஆ லியோங் இரும்புத் தண்டைக் கையில் கொடுத்து, எப்படி அசைக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார். முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. பலம் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை, நடுவில் எண்ணெய். இருபது வருஷமாக அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒரு இன்ஜினையும் நான் விடுவித்ததில்லை. அன்று மாலை வரை தண்டு இம்மியும் நகரவில்லை. உள்ளங்கையில் கொப்புளம்தான் வந்தது.

சனிக்கிழமை குமரேசன் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "எக்ஸ்பர்ட்டு மச்சான்! ஒங்க லெச்சர் என்னா ஆச்சு?" சிரித்துக்கொண்டே உள்ளே போனவன் பரிமளாவின் கையைப் பார்த்தான். அவள் அவனிடம் விழுந்ததைச் சொல்லியிருக்கவில்லை. அதோடு சிரிப்பு நின்றது. சாப்பிடும்போது என்னோடு உட்கார்ந்தான், குழம்பை என் பக்கம் நகர்த்தினான். அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். விருந்தாளியைத் திட்டுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் அந்த வாரம் முழுக்க நான் ஒளிந்திருந்தேன்.

ஞாயிறு காலையில் பட்டறையில் நான் தண்டை அழுத்தியபோது கைக்குக் கீழே ஏதோ இளகியது. முதலில் என் கைதான் நழுவியது என்று நினைத்தேன். மறுபடி அழுத்தினேன். பழைய கதவு திறப்பது மாதிரி ஒரு முனகல். தண்டு விரல் அகலம் நகர்ந்தது.

"ஆ லியோங்!" என்று கத்தினேன்.

வாயில் இருந்த ரொட்டியோடு ஓடி வந்தார். தண்டை வாங்கவில்லை. "மெதுவா. திரும்பப் பின்னுக்கு. இப்ப முன்னுக்கு." கால் சுற்று, அரைச் சுற்று, கடைசியில் ஒரு முழுச் சுற்று. துளைகளின் மேல் அவர் போட்டிருந்த துணியில் செம்மண் நிறத்தில் எண்ணெய் ஊறிப் பரவியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு சாப்பாட்டுக் குச்சி. சீனர்கள் நூடுல்ஸ் சாப்பிடுகிற குச்சிதான். முதல் பிளக் துளையில் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருகிற வரை என்னைச் சுற்றச் சொல்லி, குச்சியில் பேனாவால் கோடு போட்டார். இரண்டாவதும் அதே கோடு. மூன்றாவதில் குச்சி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. நாலாவது பழைய கோட்டுக்கே வந்தது.

"மூணாவது ஒரு நூலு கம்மி," என்றார். ராடு லேசாக வளைந்திருக்கிறது என்பதற்கு வேறு சொல் தேவையில்லை. அந்த 'டக்' சத்தம் அதுதான். "ஓடும். வேலைக்கு ஆவும். ஆனா பழைய மாதிரி இல்ல. மேட்டுல கொஞ்சம் தெணறும். ஒரு நாளு தொறந்து மாத்தணும்."

மத்தியானம் அவர் ஆயிலை மாற்றினார். ஸ்டார்ட்டரைச் சுத்தம் செய்து மாட்டினார். பிளக்கைக் காயவைத்துப் பூட்டினார். சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே திருப்பினார். நாலாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. பட்டறை முழுக்க வெள்ளைப் புகை. பத்து நிமிஷத்தில் புகை மெலிந்தது. காது கொடுத்துக் கேட்டால் உள்ளே ஒரு சின்னத் தட்டல் இருந்தது. அந்தத் தட்டலை அவர் சொல்வதற்கு முன் நான் பரிமளாவிடம் போய்ச் சொன்னேன். மூன்றாவது பிஸ்டன், வளைந்த ராடு, மேட்டில் திணறும், ஒருநாள் மாற்ற வேண்டும், அத்தனையும். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"சரி," என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்னவற்றில் இதமான சொல் அதுதான்.

திங்கட்கிழமை எனக்குப் பேருந்து. போகிற வழியிலேயே பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு என்னை இறக்கிவிடுவதாகச் சொன்னாள். பின்னால் நூற்றிருபது பொட்டலங்களின் சூட்டில் கார் முழுக்கப் பாண்டான் வாசனை. முதல் தொழிற்சாலை வாசலில் நேப்பாளக் காவலாளி ஓடி வந்து கேட்டை ஒதுக்கினார். மலாயில் ஏதோ கேட்டார். அவள் "ஆயர் மாசுக்" என்றாள். தண்ணீர் புகுந்தது என்று அதற்குள் எனக்குப் புரிகிற அளவுக்கு மலாய் வந்திருந்தது. அவர் காரையும் என்னையும் பார்த்தார். அவள் பொட்டலங்களை இறக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது தொழிற்சாலைக்குப் போகும் வழியில் மழை வலுத்தது. செம்பனைக்கு நடுவே சாலை இறங்கும் இடத்தில் தண்ணீர் குறுக்கே தேங்கி நின்றது. பரிமளா காரை நிறுத்தினாள். கண்ணாடித் துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது. ஷிஃப்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"சொல்லுங்க அண்ணே. போலாமா, வேணாமா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்கு வாய்வரை ஒரு பதில் வந்தது. ஆழம் இவ்வளவுதான் இருக்கும், நிறத்தைப் பார்த்தாலே தெரியும் என்று. அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "இரு, பாத்துட்டு வாரேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி மழையில் இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு காலாக ஊன்றிப் பார்த்து நடந்தேன். கணுக்கால். நடுவில் ஒரு சாண் கூடியது, அதற்கு மேல் இல்லை. அக்கரை ஏறித் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி வா என்றேன். அவள் வரவில்லை. மீண்டும் ஒருமுறை நடந்து காட்டச் சொல்லிக் கையால் சைகை செய்தாள். நான் கார் நின்ற கரைக்குத் திரும்பிப் போய், சாலையின் மறு ஓரமாக, இன்னும் மெதுவாக, அவள் முன்னால் நடந்து வந்தேன். முதல் கியரில் முனகிக்கொண்டு, அந்தச் சின்னத் தட்டலோடு, கார் என் பின்னாலேயே வந்தது.